போதோ என்ற தந்தி ஊழியரும் என் பேரனின் போர்டும்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, பொறியியல் படிக்கும் என் பேரன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மேசைமேல் மடிக்கணினி. பக்கத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு சர்க்யூட் போர்டு. போர்டுக்குத் தனியாக ஓர் அடாப்டர். அதிலிருந்து கணினிக்கு மூன்று மெல்லிய ஒயர்கள். அறையின் வெப்பநிலையை அளந்து அந்த ஒயர் வழியாகக் கணினிக்கு எழுதி அனுப்ப வேண்டும். திரையில் வந்ததோ கட்டங்களும் கேள்விக்குறிகளும்தான்.

"போர்டு போச்சு தாத்தா. திங்கட்கிழமை புராஜெக்ட் காட்டணும். வேற வாங்கணும்" என்றான்.

எனக்கு எலெக்ட்ரானிக்ஸ் தெரியாது. ஆனால் குமாஸ்தா வேலை பார்த்தவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. தாளில் தப்பு என்று யாராவது சொன்னால், முதலில் மூலத்தையும் நகலையும் பக்கத்தில் வைத்து ஒப்புப் பார்ப்போம். "போர்டுக்கு என்ன எழுதிக் கொடுத்தாய், கணினியில் என்ன வைத்திருக்கிறாய், இரண்டையும் வாய்விட்டுப் படி" என்றேன்.

"புரோகிராம்ல பாட் ரேட் 115200."

"கணினியில்?"

குனிந்து பார்த்தான். 9600. நாக்கைக் கடித்துக்கொண்டு மாற்றினான். வெப்பநிலை வரிவரியாக வர ஆரம்பித்தது.

"பாட் என்றால் என்னடா?" என்று கேட்டேன். வேகம் என்றான். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பது அவனுக்குத் தெரியவில்லை. திரையில் எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். பிரெஞ்சு வழியில் படித்த வாய் அதை 'போ' என்றுதான் படித்தது. அது ஒரு மனிதரின் பெயரில் பாதி. முழுப்பெயர் எமில் போதோ.

போதோ 1845இல் பிரான்சின் ஓத்-மார்ன் பகுதியில் மாஞோ என்ற சிற்றூரில் ஒரு விவசாயிக்குப் பிறந்தவர். படிப்பு ஊர் ஆரம்பப் பள்ளியோடு சரி. அப்பாவின் நிலத்தில் வேலை செய்துவிட்டு, 1869இல் தந்தி இலாகாவில் பயிற்சி ஊழியராகச் சேர்ந்தார். நம்மைப் போல ஓர் அரசாங்க உத்தியோகஸ்தர்தான்.

அந்நாளில் தந்திக் கம்பி இழுப்பதற்கு ஆகும் செலவு கொஞ்சமில்லை. இருந்தும் ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே கம்பி சும்மா கிடக்கும். அந்த இடைவெளியில் இன்னொருவர் செய்தியை அனுப்பினால் என்ன என்று போதோ யோசித்தார். ஆராய்ச்சி எல்லாம் சொந்த நேரத்தில், பெரும்பாலும் சொந்தச் செலவில். 1874இல் காப்புரிமை வாங்கினார். 1878 பாரிஸ் உலகக் கண்காட்சியில் அவர் கருவிக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது.

அவருடைய முறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஐந்து துடிப்புகள். ஐந்து கட்டைகள் உள்ள விசைப்பலகை. இடது கையில் இரண்டு விரல், வலது கையில் மூன்று. கம்பியின் இரு முனையிலும் ஒரே வேகத்தில் சுழலும் கருவி இருக்கும். அது சுழலச் சுழல, நான்கு ஊழியர்களுக்கு முறை வைத்துக் கம்பியைக் கொடுத்துக்கொண்டே போகும். உங்கள் முறை வரும்போது கருவி 'டக்' என்று ஓர் ஒலி எழுப்பும். அந்தத் தாளத்துக்கு விரலை அழுத்த வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் அந்த முனையில் வேறு எழுத்து அச்சாகும்.

இரண்டு ஊர்களில் ஓடும் இரண்டு கருவிகள் எவ்வளவு நேரம் ஒரே வேகத்தில் ஓடும்? நம் வீட்டுக் கடிகாரங்களே ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. அதனால் சுழற்சிக்குச் சுழற்சி ஒரு திருத்தக் குறி அனுப்பி, விலகிய கருவியை இழுத்து நிறுத்தினார்கள்.

பிற்காலத்தில் டெலிபிரிண்டர் வந்தபோது இதற்கு எளிய வழி கண்டார்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் 'புறப்படு' என்று ஒரு துடிப்பு, முடிவில் 'நில்' என்று ஒன்று. எழுத்துக்கு எழுத்து புதுக் கணக்கு. பழைய பிழை அடுத்த எழுத்துக்குப் போகாது.

அந்த இயந்திரத்தை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் அலுவலகத்தில் டெலக்ஸ் அறை ஒன்று இருந்தது. டெலக்ஸின் வேகம் 50 பாட், அதாவது நொடிக்கு ஐம்பது துடிப்பு. ஒருநாள் அவசரமாக வந்த செய்தியில் பாதி வரி வெறும் எண்களும் குறிகளுமாக இருந்தது. நான் பதறிப் போனேன். ஆபரேட்டர் சிரித்துக்கொண்டே பென்சிலால் மேலே எழுத்துகளை எழுதிக் கொடுத்தார். ஐந்து துடிப்பில் 32 சேர்க்கைதான் கிடைக்கும். அதனால் ஒரே சேர்க்கை எழுத்துக்கும் எண்ணுக்கும் பொது. 'இனி எண்', 'இனி எழுத்து' என்று தனிக் குறி அனுப்புவார்கள். வழியில் ஒரு துடிப்பு கெட்டு அந்தக் குறி வந்துவிட்டால் பெயரெல்லாம் எண்ணாகிவிடும். இயந்திரத்தில் கோளாறு இல்லை, செய்தியும் தொலையவில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பேரனின் போர்டும் அதே வழியில்தான் பேசுகிறது. ஒரு புறப்படு, எட்டு துடிப்பு, ஒரு நில். 9600 வேகத்தில் ஒரு துடிப்பு ஏறக்குறைய 104 மைக்ரோ நொடி. புறப்படு வந்ததும் கணினி தன் கடிகாரத்தைப் பார்த்து ஒவ்வொரு துடிப்பின் நடுவிலும் எட்டிப் பார்த்து எழுதிக்கொள்கிறது. கடைசித் துடிப்பு வருவதற்குள் இரு கடிகாரமும் அரைத் துடிப்பு விலகிவிட்டால் எழுத்து குழறும். கணக்குப் போட்டால் சுமார் ஐந்து சதவீதம்தான் தாங்கும். 115200க்கும் 9600க்கும் பன்னிரண்டு மடங்கு வித்தியாசம். குழறாமல் என்ன செய்யும்?

கதை அதோடு முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை மறுபடி தகராறு. பத்து வரி சரியாக வரும், ஒரு வரி உளறும். மின்விசிறியைப் போட்டால் உளறல் அதிகம். இப்போது எண்கள் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. மூன்று ஒயரையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அனுப்பும் ஒயர் உறுதி, வாங்கும் ஒயர் உறுதி. 'கிரவுண்ட்' என்கிற மூன்றாவது ஒயர் துளையில் பேருக்கு நின்றது. அதில் செய்தி எதுவும் போவதில்லை என்று அவன் அலட்சியமாகச் செருகியிருக்கிறான். ஆனால் இது மேல், இது கீழ் என்று மின்னழுத்தத்தை இரண்டு பக்கமும் எதிலிருந்து அளப்பது? அந்தப் பொதுத் தரைதான் அது. அழுத்திச் செருகினான். உளறல் நின்றது.

பேசுகிறவனும் கேட்கிறவனும் நல்லவர்களாகவே இருந்தும் பேச்சு குழறுவதை என் உத்தியோகத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு செக்‌ஷன் அனுப்பிய கோப்பு இன்னொரு செக்‌ஷனில் மாதக்கணக்கில் தூங்கும். இரண்டு பக்கமும் தங்கள்மேல் தப்பில்லை என்பார்கள், அது உண்மையாகவும் இருக்கும். நடுவில் இருந்த ஏற்பாட்டை யாரும் எடுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

போதோ தன் ஆராய்ச்சிச் செலவுக்காகக் கிடைத்த தங்கப் பதக்கம் ஒன்றையே விற்க நேர்ந்ததாம். 1903இல் இறந்தபோது வயது 57. பிறகுதான் தந்தி வேகத்தின் அளவுக்கு அவர் பெயரைச் சுருக்கி வைத்தார்கள். நம் நாட்டில் 2013இல் தந்தியும் போய்விட்டது. அந்தப் பாதிப் பெயர் மட்டும் என் வீட்டு மேசைவரைக்கும் வந்திருக்கிறது.

திங்கட்கிழமை புராஜெக்ட் ஒழுங்காக ஓடியதாம். புது போர்டு வாங்கும் செலவும் மிச்சம். சார் கேள்வி கேட்டபோது 'பாட் ரேட்' என்று ஆரம்பித்தவன், நிறுத்தி, "போதோன்னு ஒருத்தர் பேரு சார் அது" என்று சொன்னானாம்.