குளத்தங்கரை ஊருக்குத் தலைவர் தேர்தல்: மானூர்க் கல்வெட்டு முதல் நம் ஊராட்சி வரை

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் முக்கால் மணி நேரம் பொறுத்தவர்கள், இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் தென்காசி மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில் நடந்தது. அந்த ஐந்தாண்டு 2026 அக்டோபரோடு முடிகிறது. சிவகிரியைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் டீக்கடைப் பேச்சு இப்போதே தொடங்கிவிட்டது. யார் நிற்பார், எந்தத் தெரு யாருக்கு, கோயில் கொடைக்கு யார் எவ்வளவு தருவார். குளத்தைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. மலையடிவாரத்தில் குளத்து நீரை நம்பி உட்கார்ந்திருக்கிற ஊர்கள் இவை. அதனால்தான் இந்தப் பழைய கதை.

சங்கரன்கோவிலில் இருந்து திருநெல்வேலி போகும் வழியில் மானூர் இருக்கிறது. பேருந்தில் எத்தனையோ முறை கடந்திருப்பீர்கள். அங்கே கோயிலில் ஏறத்தாழ கி.பி. 800ஆம் ஆண்டைச் சேர்ந்த பாண்டியர் கல்வெட்டு ஒன்று உண்டு. ஊர்ச்சபையில் யார் உட்காரலாம் என்று அது விதி சொல்கிறது. நிலம் இருக்க வேண்டும், படிப்பு வேண்டும், நல்லொழுக்கம் வேண்டும். இன்னொரு விதி எனக்கு மிகவும் பிடித்தது. கொண்டுவருகிற தீர்மானத்துக்கெல்லாம் "கூடாது, கூடாது" என்று முட்டுக்கட்டை போடுகிறவருக்கும், அவருக்குத் துணைபோகிறவருக்கும் ஐந்து காசு தண்டம். ஆயிரத்து இருநூறு ஆண்டுக்கு முன்பும் கூட்டத்தைக் குலைக்கிறவர்கள் இருந்திருக்கிறார்கள்!

நாம் பாடத்தில் படித்த உத்திரமேரூர் இதற்கு ஒரு நூற்றாண்டு பிந்தியது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள். ஊரை 30 குடும்பாகப் பிரித்து, ஓலையில் பெயரெழுதிக் குடத்தில் போட்டு, சிறு பையனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். இதுதான் குடவோலை. பரீட்சைக்கு எழுதியது இவ்வளவுதான். குடவோலை எதற்காக என்பதை நாம் அழுத்திப் படிக்கவில்லை. தனித்தனி வாரியங்களுக்கு ஆள் எடுக்கத்தான் அது. ஆண்டு வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர், ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். 360 நாள் பதவி. ஏரியைப் பார்த்துக்கொள்ளவென்றே ஆறு பேரைத் தேர்ந்தெடுத்த ஊர் அது.

இன்னும் முக்கியமானது, யாரை எடுக்கக் கூடாது என்ற பட்டியல். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரை ஓலையில் எழுதக் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் எழுதக் கூடாது. கடந்த மூன்று ஆண்டுக்குள் பதவியில் இருந்தவருக்கும் மறுபடி இடமில்லை.

இதைச் சொல்லிப் பெருமைப்பட்டு நிறுத்திவிடுகிறவர்கள் பலர். நான் நிறுத்தப் போவதில்லை. மானூரும் உத்திரமேரூரும் பிராமணர்களுக்கு அளித்த ஊர்கள். கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் படிப்பும் உடையவருக்குத்தான் குடத்தில் ஓலை. வயல் உழுதவருக்கு அங்கே ஓலை இல்லை. பெண்களுக்கு இல்லை.

குடிமராமத்தும் அப்படித்தான். ஊர் கூடிக் குளம் வெட்டிய பொற்காலம் என்று எழுதுகிறோம். வெள்ளையர் அரசு 1858இல் சென்னை மாகாணத்துக்கு ஒரு கட்டாய உழைப்புச் சட்டமே போட்டது. உடையும் கரையை அடைக்கவும், வழக்கமான மராமத்துக்கும் ஆள் வராவிட்டால் கட்டாயப்படுத்தலாம். எல்லோரும் மனமுவந்து மண்வெட்டியோடு வந்திருந்தால் சட்டம் எதற்கு? புரவில் அதிக நிலம் வைத்திருந்தவரும், கரையில் மண் சுமந்தவரும் எப்போதும் ஒரே ஆளில்லை.

அந்தக் கதவை அரசியல் சட்டம்தான் திறந்தது. 73ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994. அதன்படி 1996இல் தேர்தல், பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் ஒதுக்கீடு. விலை சாதாரணமானதல்ல. மதுரை மாவட்டம் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் இருந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006 வரை தேர்தலை முறையாக நடத்தவே முடியவில்லை. இன்று பெண்களுக்குப் பாதி இடம். இப்படி வந்த நாற்காலியைச் சில ஊர்களில் கோயில் திருப்பணி என்று சொல்லி ஏலம் விடுகிறார்கள். கேட்கும்போது வயிறு எரிகிறது.

சரி, தலைவரால் குளத்துக்கு என்ன செய்ய முடியும்? இதில் தெளிவு வேண்டும். 100 ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ள குளங்கள் நீர்வளத்துறையிடம் இருக்கின்றன. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடம். ஊருணியும் தெப்பமும் ஊராட்சிப் பொறுப்பு. மலைமேல் செண்பகவல்லி தடுப்பணை உடைந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. அதைச் சீர்செய்வது இரு மாநில அரசுகள் பேசித் தீர்க்க வேண்டிய காரியம். "நான் ஜெயித்தால் செண்பகவல்லியைக் கட்டுவேன்" என்று ஊராட்சி வேட்பாளர் சொன்னால் சிரித்துவிட்டு அனுப்புங்கள்.

அவரால் முடிந்ததைக் கேளுங்கள். வரத்துக்காலில் யார் யார் எவ்வளவு அடைத்திருக்கிறார்கள் என்று அளந்து பலகையில் எழுதி வைப்பாரா? மறுகாலும் மடையும் மழைக்கு முன்பே சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து, இல்லையென்றால் துறைக்கு எழுதுவாரா? மீன் பாசி ஏலப் பணம், உடைமரம் வெட்டிய பணம் எங்கே போனது என்று கிராம சபையில் வாசிப்பாரா? சாக்கடையைக் குளத்தில் விடாமல் திருப்புவாரா? 2022 முதல் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளும் அதில் ஒன்று. அன்று எத்தனை பேர் போயிருக்கிறோம்?

மானூர்க்காரர் விதித்த ஐந்து காசு தண்டம் நமக்கு வேண்டாம். எதிர்த்துப் பேசுகிறவரும் சபையில் இருக்கட்டும். உத்திரமேரூர்க்காரரின் நிலக் கணக்கும் குலக் கணக்கும் வேண்டாம். கணக்குக் காட்டாதவருக்கு ஓலை இல்லை என்ற அந்த ஒரு விதியை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம், நம் விரல் மை போதும்.

சென்னையிலும் துபாயிலும் இருக்கிற பிள்ளைகளே, ஊருக்கு போன் போடும்போது அம்மா அப்பாவிடம் "யாருக்கு ஓட்டு" என்று கேட்பதற்கு முன் "குளத்தில் தண்ணி கிடக்கா, மறுகால் போச்சா" என்று கேளுங்கள். உங்கள் ஊர்க் குளத்தின் பெயரையும் இன்றைய நிலையையும் கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன். எழுத்துப்பிழை இருந்தால் திருத்தவும் செய்வேன்!

வாழ்க நலமுடன்.