ஏசித் தண்ணீர்

போன மே மாதம் ஒரு பின்னிரவில் அப்பா என்னை உலுக்கி எழுப்பினார். "ஏசி ஒழுகுதுப்பா, எந்திரி. புஸ்தகமெல்லாம் போச்சு."

மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டில் அப்பாவின் அறை சின்னது. ஏசிக்கு நேர் கீழேதான் அவருடைய புத்தக அலமாரியை வைக்க இடமிருந்தது. மேல்தட்டில் இருந்த ஐந்து புத்தகங்கள் நனைந்து ஊறியிருந்தன. அப்பா சிவகாசியில் முப்பது வருடம் ஆஃப்செட் மெஷின் ஓட்டியவர். நனைந்த காகிதத்தைப் பார்த்தால் அவருக்கு வரும் கோபம் தனி ரகம். அந்த ராத்திரி ஏசியை நிறுத்தி, கீழே வாளி வைத்துவிட்டுப் படுத்தோம். அவர் தூங்கவில்லை.

காலையில் வழக்கமாக வருகிற மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். "கேஸ் கம்மியாயிருக்கும் சார். கம்மியானா காயில்ல ஐஸ் கட்டும், உருகி ஒழுகும். டாப்-அப் பண்ணிரலாம்" என்றார். மூன்று வருடமாகக் கோடை தொடங்கினால் இதே வசனம், 2500 ரூபாய். அவர் சொன்னதில் பௌதிகப் பிழை ஒன்றுமில்லை. வாயு குறைந்தால் ஐஸ் கட்டும், உண்மைதான். ஆனால் காற்று சரியாகப் போகாவிட்டாலும் ஐஸ் கட்டும். வடிகுழாய் அடைத்தால் ஐஸே இல்லாமல் ஒழுகும். நான் மெக்கானிக்கல் படித்துவிட்டு மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். படித்ததில் முக்கால்வாசி மறந்துபோனாலும் ஒன்று நினைவிருந்தது: ஏசியின் வாயு பெட்ரோல் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய செப்புக்குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. குறைந்தால் எங்கோ ஓட்டை என்று பொருள். ஓட்டையைத் தேடாமல் வருடாவருடம் ஊற்றுவது என்ன வைத்தியம்?

எம்சிபியை இறக்கிவிட்டு ஸ்டூல் போட்டு ஏறினேன். முன்மூடியைத் தூக்கி ஃபில்டரை உருவினால், வலைக்குப் பதிலாகச் சாம்பல் நிறக் கம்பளி. குழாயடியில் கழுவி நிழலில் காயவைத்தேன். வெளியே பால்கனியில் தொங்கும் வடிகுழாயின் வாய் உலர்ந்து கிடந்தது. உள்ளே ஒழுகுகிறது, வெளியே சொட்டில்லை என்றால் அடைப்பு நடுவில்தான். வெளிமுனையில் வாய் வைத்து ஊதினேன். இதை யாரும் செய்ய வேண்டாம். கசடெல்லாம் உள்ளே இருக்கும் தட்டுக்கே திரும்பிப் போய், அப்பாவின் சுவரில் கறுப்பாக ஒரு கோடு இறங்கியது. பிறகு அபார்ட்மென்ட் மெயின்டனன்ஸ் அறையிலிருந்து தண்ணீரையும் உறிஞ்சும் வேக்குவம் கிளீனரை வாங்கிவந்து, அதே வெளிமுனையில் வைத்துத் துணியைச் சுற்றி இழுத்தேன். பாசியும் தூசியும் ஒரு செத்த பல்லியும் வந்தன. தட்டில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். வெளியே ஓடியது.

ஏசியைப் போட்டு, குழாயடியில் வாளி வைத்தோம். ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய இரண்டு லிட்டர். அப்பா வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவு தண்ணி எங்கருந்துப்பா வருது?"

அறைக் காற்றிலிருந்துதான் வருகிறது. குளிர்ந்த காயிலின்மேல் காற்று படும்போது அதிலிருக்கும் ஈரம், ஐஸ் தண்ணீர் வைத்த டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல, நீராகிறது. இந்தத் தண்ணீரைக் கழிவு என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் ஏசி என்ற இயந்திரம் பிறந்ததே இந்தத் தண்ணீருக்காக. குளிர் கூடவே வந்தது.

1902. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் சாக்கெட்-வில்ஹெல்ம்ஸ் என்றொரு அச்சகம். வண்ணப் படங்கள் அச்சிடுகிறவர்கள். கோடை வந்தால் தொழில் படுத்துவிடும். ஒரு வண்ணம் ஓட்டி, அது காய்ந்தபின் அடுத்த வண்ணம் ஓட்டுவதற்குள் காற்றின் ஈரம் மாறிவிடும். காகிதம் ஈரத்தைக் குடித்து விரியும், உலர்ந்தால் சுருங்கும். மஞ்சள் ஓரிடத்தில், சிவப்பு ஓரிடத்தில்.

இதை நான் சொல்லி முடிப்பதற்குள் அப்பா, "ரெஜிஸ்டர் போயிருக்கும்" என்றார். "ஐப்பசி அடைமழையில எங்களுக்கும் அதேதான். சாமி படத்துக்கு ரெண்டு மூக்கு விழும். சிவகாசியில மத்த மாசமெல்லாம் வறண்ட காத்து, அதனாலதான் பிரஸ் தொழிலே அங்க நின்னுச்சு."

புரூக்ளின்காரர்களுக்குச் சிவகாசியின் காற்று இல்லை. அவர்கள் பஃபலோ ஃபோர்ஜ் என்ற நிறுவனத்தை அணுகினார்கள். வேலை வில்லிஸ் கேரியர் என்ற 25 வயதுப் பொறியாளரிடம் வந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. 1902 ஜூலை 17 தேதியிட்ட அவருடைய வரைபடங்களைத்தான் நவீன ஏசியின் பிறப்புச் சான்றிதழாகச் சொல்கிறார்கள். குளிர்ந்த நீர் ஓடும் குழாய்ச் சுருள்களின்மேல் காற்றை ஊதுவது, ஈரத்தை வடியவைப்பது, அச்சகத்தின் ஒப்பு ஈரப்பதத்தை 55 சதவீதத்தில் நிறுத்துவது. இவ்வளவுதான் அவருக்குத் தரப்பட்ட கணக்கு. மெஷின்மேன்களுக்கு வியர்த்தது யாருடைய கணக்கிலும் இல்லை.

"எங்க பிரஸ்லயும் முதல்ல பேப்பர் இருந்த ரூமுக்குத்தான் ஏசி போட்டாங்க" என்றார் அப்பா. "நாங்க பண்டல் எடுக்கிற சாக்கில போயி ரெண்டு நிமிஷம் நின்னுட்டு வருவோம்."

அதே வருடத்தின் கடைசியில் பிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் நடந்ததாகச் சொல்லப்படும் கதை எனக்கு இதைவிடப் பிடிக்கும். வண்டிக்காகக் காத்திருக்கிறார் கேரியர். நடைமேடை முழுக்க மூடுபனி. பனிமூட்டம் என்பது இனி ஒரு துளி ஈரமும் ஏற்காத, நிறைந்த காற்று. ஆனால் குளிரில் நிறைந்த காற்றிலிருக்கும் நீரின் அளவு குறைவு. அப்படியென்றால் செயற்கையாக ஒரு பனிமூட்டத்தை உண்டாக்கி, அதன் வெப்பநிலையை மட்டும் நாம் தீர்மானித்தால், காற்றில் எவ்வளவு ஈரம் இருக்க வேண்டுமென்பதை நாமே தீர்மானித்துவிடலாம். காற்றை உலர்த்துவதற்குக் காற்றின்மீது குளிர்ந்த நீரைத் தெளிப்பது! கேட்டால் பைத்தியக்காரத்தனம்போலத்தான் இருக்கும். 1906 ஜனவரியில் அதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. தலைப்பில் குளிர் என்ற சொல்லே இல்லை. 'காற்றைப் பக்குவப்படுத்தும் கருவி' என்கிற பொருளில்தான் பெயர் வைத்திருந்தார்.

1911-ல் கேரியர் இந்தக் கணக்குகளைச் சூத்திரங்களாக்கி அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் வாசித்தார். அதன் வழித்தோன்றல்தான் எங்கள் கல்லூரித் தேர்வில் பென்சிலும் ஸ்கேலுமாக நாங்கள் கோடு கிழித்த சைக்ரோமெட்ரிக் சார்ட். 'பனிநிலை'யைக் கண்டுபிடி என்பார்கள், கண்டுபிடித்துப் பதினாறு மதிப்பெண் வாங்கினேன். அது ஒரு அச்சகத்துக் காகிதத்தின் கதை என்று எந்த ஆசிரியரும் சொல்லவில்லை.

பெயரின் கதையும் இப்படித்தான். 'ஏர் கண்டிஷனிங்' என்ற தொடரை 1906-ல் உருவாக்கியவர் வட கரோலினாவின் சார்லட் நகரத்துப் பஞ்சாலைப் பொறியாளர் ஸ்டூவர்ட் கிராமர். வறண்ட காற்றில் நூல் அறுந்துபோகும். ஈரம் ஏற்றி நூலைப் பதப்படுத்துவதற்கு ஆலைகளில் 'கண்டிஷனிங்' என்று பெயர். அதைக் காற்றுக்குப் பொருத்தினார். ஆக, ஈரத்தைக் கூட்டுவதற்கு வைத்த பெயர் ஈரத்தைக் குறைக்கும் இயந்திரத்துக்கு வந்து ஒட்டிக்கொண்டது. கோவைப் பக்கத்து மில்களில் இன்றைக்கும் இந்தக் கூட்டும் வேலைக்கென்று தனி பிளான்ட் ஓடுகிறது. நாம் 'குளிரூட்டி' என்று சொல்லித் தண்ணீரை மறந்துவிட்டோம். கலைச்சொல் ஆக்கியவர்களின் 'காற்றுப் பதனம்' எவ்வளவு சரியான சொல் என்று எனக்கு அந்த வாளியைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

குளிர் எங்கே வருகிறது என்றால், 'டன்' என்ற அளவில் வருகிறது. ஒன்றரை டன் ஏசி என்கிறோம், எடை என்று நினைத்துச் சுவர் தாங்குமா என்று கேட்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். 2000 பவுண்டு, அதாவது சுமார் 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அதுதான் ஒரு டன், ஏறக்குறைய 3.5 கிலோவாட். இயந்திரங்கள் வருவதற்கு முன் பனிக்கட்டி விற்றவர்களின் அளவு அது. பாஸ்டன் வியாபாரி ஃபிரெடரிக் டியூடர் அமெரிக்க ஏரிகளில் உறைந்த பனியை அறுத்து, மரத்தூள் போர்த்தி, 1833-ல் கல்கத்தாவுக்குக் கப்பலேற்றினார். சுமார் 180 டன் ஏற்றியதில் நாலு மாதக் கடல்வழியில் உருகியதுபோக 100 டன் போல வந்து சேர்ந்தது. சென்னைக் கடற்கரையில் 1842-ல் அதே வியாபாரத்துக்காகக் கட்டிய கிடங்குதான் ஐஸ் ஹவுஸ். 1897-ல் விவேகானந்தர் தங்கி, இன்று அவர் பெயரில் இருக்கும் கட்டடம். அப்பாவின் அறையில் தொங்கும் ஒன்றரை டன் பெட்டி முழு வேகத்தில் ஓடினால், அந்தக் கப்பல் கொண்டுவந்த பனியின் வேலையை அறுபத்தேழு நாளில் முடித்துவிடும்.

காற்று, தூசி, தண்ணீர் எல்லாம் கேரியரின் பக்கம். ஃபில்டரைக் கழுவுவது, வடிகுழாயைத் திறந்துவைப்பது, வெளிப்பெட்டியின் தகடுகளில் அடைந்த தூசியை மெல்லிய நீரில் கழுவுவது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு யார் வேண்டுமானாலும் செய்யலாம். வெளிப்பெட்டியின் மூடியை மட்டும் கழற்றக் கூடாது. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர், கரண்ட்டை நிறுத்திய பின்னும் அடிக்கும். ஆனால் செப்புக்குழாய்க்குள் ஓடுவது வேறு பக்கம், அதன் வரலாறு வேறு. யூட்யூப் பார்த்து நானே கேஸ் போடட்டுமா என்று ஒரு கணம் யோசித்தவன், அந்த வரலாற்றைப் படித்துத்தான் கையை இழுத்துக்கொண்டேன்.

திரவம் ஆவியாகும்போது குளிர்ச்சி தரும் என்பதை வைத்து, ஈதரைச் சுழலவிட்டுக் குளிரூட்டும் இயந்திரத்துக்கு ஜேக்கப் பெர்கின்ஸ் 1834-லேயே லண்டனில் காப்புரிமை வாங்கினார். ஈதர் தீப்பிடிக்கும். பிறகு வந்த அமோனியா மூச்சை அடைக்கும். கந்தக டையாக்சைடும் மெத்தில் குளோரைடும் நஞ்சு. 1920-களில் இந்த வாயுக்களோடு குளிர்பெட்டிகள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டன. பெர்லினில் ஒரு குடும்பம், பெட்டியிலிருந்து கசிந்த வாயுவால் தூக்கத்திலேயே மொத்தமாக இறந்துபோன செய்தியை ஐன்ஸ்டைன் படித்தார். பாதித்த செய்தி அவரைச் சும்மா விடவில்லை. லியோ ஸிலார்டுடன் சேர்ந்து, அசையும் பாகமே இல்லாத குளிர்பெட்டிக்குக் காப்புரிமை வாங்கினார். அசைவது இருந்தால்தானே சீல் வேண்டும், சீல் இருந்தால்தானே கசியும்? நல்ல யோசனை. சந்தைக்கு வரவில்லை.

வரவிடாமல் செய்ததில் தாமஸ் மிட்ஜ்லிக்கும் பங்குண்டு. 1930-ல் அட்லாண்டாவில் வேதியியலாளர்கள் கூடியிருந்த அரங்கில், தன் குழு உருவாக்கிய ஃப்ரியான் வாயுவை நெஞ்சு நிறைய இழுத்து, ஒரு மெழுகுவர்த்தியின்மேல் ஊதி அணைத்துக் காட்டினார். நஞ்சில்லை, எரியாது. பெட்ரோலில் ஈயம் கலக்கச் சொன்னவரும் இதே மனிதர்தான். போலியோவால் நடக்க முடியாமல் போனபோது, படுக்கையிலிருந்து எழுவதற்குத் தானே கயிறும் கப்பியுமாக ஒரு கருவி செய்துகொண்டார். 1944-ல் அதிலேயே கழுத்து இறுகி இறந்தார். ஸ்பேனரைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு இவர் நினைவு வந்துபோகிறது.

ஃப்ரியான் யாரையும் தூக்கத்தில் கொல்லவில்லைதான். 1974-ல் மோலினாவும் ரோலண்டும், அது சிதையாமல் மேலே போய், புற ஊதாக் கதிர் பட்டு குளோரினை விடுவிக்கும் என்றும், அந்தக் குளோரின் ஓசோனைத் தின்னும் என்றும் கணக்கிட்டார்கள். ஒரு குளோரின் அணு ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறுகளை அழிக்கக்கூடும். 1985-ல் அண்டார்டிகாவின்மேல் ஓட்டை தெரிந்தது. 1987-ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம். அதன்பின் ஆர்-22, ஆர்-410ஏ என்று ஒன்றன்பின் ஒன்றாக வாயுக்கள். ஓசோனுக்குத் தீங்கில்லாதவை பூமியைச் சூடாக்கின; அதற்கு 2016-ல் கிகாலியில் ஒரு திருத்தம். எங்கள் வீட்டு ஏசியில் இருப்பது ஆர்-32. ஒரு கிலோ வெளியேறினால் 675 கிலோ கார்பன் டையாக்சைடுக்குச் சமம். போதாததற்கு லேசாகத் தீப்பிடிக்கும். வேறு சில பெட்டிகளில் இருக்கும் ஆர்-290 என்பது புரோப்பேன். சமையல் காஸின் சொந்தக்காரர். சுற்றிவந்து பெர்கின்ஸ் நின்ற இடத்துக்கே வந்துவிட்டோம். மூடிய குழாயைத் திறக்க முறையான பயிற்சியும் கருவியும் வேண்டுமென்பது கம்பெனிக்காரர்கள் நம்மைப் பயமுறுத்தச் சொல்வது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

வேறொரு டெக்னீஷியனை வரவழைத்தேன். கேஜ் மாட்டிப் பார்த்தவர், "கம்மியா? அதிகமாவே இருக்கு சார்" என்றார். சோப்பு நுரை வைத்து எல்லா இணைப்பையும் பார்த்தார். எங்கும் குமிழி வரவில்லை. காலி சிலிண்டரைத் தராசில் வைத்து, உள்ளிருந்த வாயு முழுவதையும் அதற்குள் இழுத்தார், காற்றில் விடவில்லை. பெட்டியில் ஒட்டியிருந்த லேபிளில் போட்டிருந்த கிராம் கணக்குப்படி திரும்ப நிரப்பினார். மூன்று வருடம் நான் கொடுத்தது எதற்கு என்று அவரிடம் கேட்கவில்லை. அப்பா கேட்டார். அவர் சிரித்துவிட்டு டீயைக் குடித்தார்.

நனைந்த புத்தகங்களை அப்பா வெயிலில் வைக்க விடவில்லை. "சுருண்டுரும்." அவர் அறையிலேயே, ஏசி ஓட ஓட, பக்கங்களை விசிறிபோல விரித்து நிறுத்தி வைத்தார். அரை மணிக்கொரு தரம் பக்கம் மாற்றினார். மூன்றாம் நாள் நான்கு புத்தகங்கள் உலர்ந்து, அலையலையாக நெளிந்து, படிக்கிற நிலைக்கு வந்தன. ஐந்தாவது வழவழப்புத் தாளில் அச்சான படப்புத்தகம். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரித்தால் படம் கையோடு வந்தது.