மகாவலிக் கரையில் ஒரு மரணக் கணக்கு

நாவலப்பிட்டியை ஒட்டி ஓடும் மகாவலி கங்கையை மழைக்காலத்தில் கண்டவர் அதன் வேகத்தை மறவார். அவ்வேகமே கரையில் வாழ்வோருக்கு ஒரு காவலாயிருந்தது. மலேரியாவைப் பரப்பும் நுளம்பின் புழுக்களை ஓடும் நீர் அடித்துச் சென்றுவிடும். ஆனால் 1934ஆம் ஆண்டில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. ஆறுகள் மெலிந்தன, பாறைக் குழிகளிலும் மணற்படுகைகளிலும் தேங்கிய நீரில் நுளம்புகள் பல்கின. அவ்வாண்டின் இறுதியில் மூண்ட கொள்ளைநோய் கேகாலை, குருணாகல் பகுதிகளையும் மகாவலியின் மேற்பள்ளத்தாக்கையும் வாட்டியது. மழை மிகுந்த இடங்களில் முன்னர் மலேரியா அரிதாகையால், அங்குள்ள மக்களிடம் அதை எதிர்க்கும் ஆற்றலும் குறைவாகவே இருந்தது.

மாண்டவர் எத்தனை பேர்? இதற்கு விடை காண்பது எளிதன்று. பிறப்பு இறப்புகளைப் பதியும் சட்டம் இலங்கையில் 1867 முதலே உண்டு. ஆயினும் மருத்துவரைக் காணாமலே இறந்தோர் பலர். கிராமத்துப் பதிவுகாரர் மருத்துவர் அல்லர். உறவினர் சொன்னதையே அவர் எழுதினார். ஒருவர் ‘காய்ச்சல்’ என்பார்; குழந்தையை இழந்த தாய் ‘வலிப்பு’ என்பாள். மலேரியா என்று எழுதப்பட்ட மரணங்களை மட்டும் கூட்டினால் உண்மை வெளிப்படாது.

ஆகவே ஆய்வாளர் வேறு வழியை நாடினர். வழக்கமாக அம்மாதங்களில் இறப்போர் தொகையையும், அம்முறை இறந்தோர் தொகையையும் ஒப்பிட்டனர். மிகுதியாக நின்றது ஏறத்தாழ 80,000. அன்று நாட்டின் மக்கட்டொகை 55 இலட்சம் அளவே. கோவிட் நோய் பரவியபோதும் உலக சுகாதார நிறுவனம் இம்முறையையே கையாண்டது. 2020, 2021 ஆகிய ஈராண்டுகளில் நாடுகள் அறிவித்த கோவிட் மரணங்கள் ஏறத்தாழ 54 இலட்சம்; மிகுதி மரணங்களோ 149 இலட்சம் என அது மதிப்பிட்டது.

நோயாளரைக் கணக்கிடுவதும் இத்தகையதே. 1963இல் இலங்கை முழுவதிலும் 17 மலேரியா நோயாளரே காணப்பட்டனர். நோய் ஒழிந்ததென்று விழிப்புத் தளர்ந்தது. அப்பத்தாண்டின் இறுதியில் நோயாளர் தொகை இலட்சக்கணக்கில் ஏறியது. பின்னர்ப் பல்லாண்டுகள் காய்ச்சல் கண்டோரின் இரத்தத்தைச் சோதித்து, ஒவ்வொரு நோயாளியையும் தேடிக் கண்ட பிறகே, 2016இல் மலேரியா அற்ற நாடென இலங்கை சான்று பெற்றது.

பதிவேட்டின் ஒரு வரி ஒரு வீட்டின் துயரம். அவ்வரி எழுதப்படாவிடின், அடுத்த வீட்டைக் காக்கும் வழியும் தெரியாமற் போகும்.