மேயர் ஜெயித்தும் கவுன்சில் மடங்கவில்லை.. சிகாகோவில் நடந்தது என்ன?

1983-ல் சிகாகோவின் முதல் கறுப்பின மேயராக ஹரால்ட் வாஷிங்டன் ஜெயித்தார். ஆனா, 50 பேர் கொண்ட மாநகராட்சி மன்றத்தில் 29 கவுன்சிலர்கள் எதிரணியாகத் திரண்டார்கள். அதில் ஒருவர்கூட கறுப்பினத்தவர் இல்லை.

ஏன் இப்படி?

கறுப்பின மக்கள் தெற்கு, மேற்குப் பகுதிகளிலும், வெள்ளையர்கள் பெரும்பாலும் வேறு பகுதிகளிலும் தனித்தனியா வசித்தார்கள். வார்டுகளும் அப்படியே அமைந்ததால், தெருவில் இருந்த பிளவு மன்ற ஓட்டெடுப்பிலும் வந்தது.

என்ன பாதிப்பு?

மேயரின் நியமனங்கள் முடங்கின. பதிலுக்கு அவர் தீர்மானங்களை வீட்டோ செய்தார். அதை முறியடிக்க 34 ஓட்டு வேணும். எதிரணியிடம் அது இல்லை.

எப்போ மாறியது?

வார்டு எல்லைகள் கறுப்பின, லத்தீன் மக்களின் வாக்கு பலத்தைக் குறைக்குதுன்னு வழக்கு நடந்தது. நீதிமன்ற உத்தரவுப்படி எல்லைகள் மாறி, 1986-ல் 7 வார்டுகளில் சிறப்புத் தேர்தல். கவுன்சில் 25-25 ஆனது. சமநிலை வந்தா, முடிவு செய்யும் ஓட்டு மேயருக்குத்தான்!