ரத்தம் காட்டாத ஈறு

கீழ் வரிசை முன்பல் ஒன்று ஆட ஆரம்பித்ததும் மனிதர் செய்கிற முதல் வேலை, அதை நாக்கால் தள்ளிப் பார்ப்பது. பேப்பர் படிக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, டீக்கடை பெஞ்சில் பேச்சு ஓய்ந்தபோது நாக்கு தானாக அங்கே போகும். வலி இல்லை. “வயசாச்சுல்ல, பல்லு ஆடத்தானே செய்யும்” என்று பக்கத்தில் இருப்பவரும் சொல்லிவிடுவார். விசாரணை அத்தோடு முடிந்தது. பல் விழுவதும் முடி நரைப்பதும் ஒரே கணக்கில் எழுதப்பட்ட ஊர்களில் நாகல் நகரும் ஒன்று. ஆனால் இந்த ஊருக்கு அந்தக் கணக்கில் கொஞ்சம் கூடுதல் பங்கு உண்டு.

நாகல் நகர், திண்டுக்கல் நகருக்குள் சௌராஷ்டிர நெசவாளர் குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்த பகுதி. ஆனால் திண்டுக்கல்லின் பெயரை வெளியூருக்கு எடுத்துப் போனதில் சேலைக்கும் பூட்டுக்கும் சளைக்காத இன்னொரு சரக்கு இருந்தது: புகையிலை. திருச்சியிலிருந்து மதுரைக்கு 1875-இல் ரயில் வந்தபின் இந்தச் சமவெளியின் இலை சுலபமாக வண்டி ஏறியது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பென்சர் கம்பெனியின் சுருட்டுத் தொழிற்சாலை திண்டுக்கல்லில் நடந்தது. சுருட்டு துரைமார் வாய்க்குப் போனது. மெல்லும் போயிலை உள்ளூர் வாய்க்கு வந்தது. ‘அங்கு விலாஸ்’ என்று பெயர் சொன்னால் போதும், கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்கமாட்டார். நாடு விடுதலை பெற்ற மறுவருடமே, 1948-இல், வேடசந்தூரில் சுருட்டுப் புகையிலைக்கென்று ஓர் ஆராய்ச்சி நிலையம் வைத்தார்கள். அவ்வளவு முக்கியமான பயிர்.

தெற்கே போகிற அதே ரயில் பாதையில் சோழவந்தான். வெற்றிலைக்குப் பேர்போன ஊர். ஆக வெற்றிலை ஒரு பக்கம், போயிலை மறுபக்கம், நடுவில் சுண்ணாம்பு டப்பி. தாம்பூலத் தட்டு இல்லாமல் கல்யாணப் பேச்சே தொடங்காத ஊரில், வாய் சிவந்திருப்பது வசதியின் அடையாளம். பல்லில் படிந்த கறுப்பை யாரும் குறையாக நினைக்கவில்லை.

அந்தக் கறுப்புதான் காரை. பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் தினமும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமிப் படலம் படிகிறது. நகத்தால் சுரண்டினால் கொழகொழவென்று வெள்ளையாக ஒட்டும். ஊத்தை என்கிறோமே, அது. அதைத் துடைக்காமல் விட்டால் எச்சிலில் உள்ள சுண்ணச்சத்து ஏறிக் கல்லாகிறது. கல்லின் சொரசொரப்பில் புதுப் படலம் இன்னும் வசதியாக உட்காரும். கிருமியை எதிர்க்க உடம்பு படை அனுப்புகிறது. அந்தச் சண்டையில்தான் ஈறு வீங்குகிறது, தேய்த்தால் ரத்தம் கசிகிறது. இந்தக் கட்டத்தில் கவனித்தால் ஈறு பழையபடி ஆகிவிடும். விட்டுவிட்டால் வீக்கம் உள்ளே இறங்கி, பல்லைப் பிடித்திருக்கும் நாரையும் தாடை எலும்பையும் கரைக்கிறது. கரைந்த எலும்பு தானாக வளராது. பல்லுக்கு ஒன்றும் ஆகியிருக்காது; சொத்தைகூட இருக்காது. அடித்தளம் போனதால் ஆடும்.

இதில் புகை செய்த மோசடி தனிக்கதை. ஈறு நோய் முதலில் கொடுக்கிற எச்சரிக்கை ரத்தம். சுருட்டும் பீடியும் பிடிப்பவருக்கு அந்த ரத்தக் கசிவு குறைந்துவிடுகிறது. உள்ளே எலும்பு மற்றவரைவிட வேகமாகக் கரையும். வெளியே ஈறு சமர்த்தாக, வெளிறி, இறுகி நிற்கும். பீடியை விட்ட சில வாரங்களில் தேய்க்கும்போது ரத்தம் வர, “பழக்கத்த விட்டதாலதான் இப்படி ஆச்சு” என்று மறுபடி பற்ற வைத்தவர்கள் உண்டு. உண்மையில் அது ஈறு தன் முறைப்பாட்டைச் சொல்ல ஆரம்பித்த நாள். மெல்லும் போயிலையின் வழி வேறு. எந்த இடத்தில் அடக்குகிறோமோ அந்த இடத்தில் ஈறு கீழே இறங்கி வேர் வெளியே தெரியும். பல்வலி வந்தால் பாட்டிமார் சொன்ன வைத்தியமோ, “கொஞ்சம் போயிலைய அங்கனயே அடக்கிக்க.” மரத்துப்போகும், வலி அடங்கும். நோய்க்கும் மருந்துக்கும் ஒரே கடையில் கணக்கு.

மருந்து இல்லாமலும் இல்லை. ஆலங்குச்சிக்கும் வேலங்குச்சிக்கும் பல்லின் உறுதியைக் கட்டிவைத்த பழமொழி எல்லாருக்கும் தெரியும். வேப்பங்குச்சியின் முனையை மென்று தூரிகையாக்கிய கை, பல் இடுக்கைத் தொட்ட கை. உமிக்கரியும் செங்கல் தூளும் சாம்பலும் அப்படியில்லை. விரலால் தேய்த்தால் பல்லின் வயிற்றுப் பகுதி பளபளக்கும். ஈற்றின் விளிம்பும் இரண்டு பல்லுக்கு நடுவிலான சந்தும் தொடப்படாமலே கிடக்கும். செங்கல் தூள் பல்லின் மேல்பூச்சையும் சேர்த்துத் தேய்த்தது.

பிறகு பொட்டலம் வந்தது. மைசூர்ப் பக்கமிருந்து நஞ்சன்கூடு பல்பொடி, மதுரையிலிருந்து ரோஸ் நிறத்தில் கோபால் பல்பொடி. கோபால் பல்பொடி விளம்பரத்தை இலங்கை வானொலியில் கேட்டு மனப்பாடம் செய்த தலைமுறை இன்னும் இருக்கிறது. இனிப்புக்காக அதை நக்கித் தின்ற பிள்ளைகளும் அந்தத் தலைமுறைதான். ‘பயோரியா’ என்ற வார்த்தையை நம்மூர் வாயில் ஏற்றியதும் பொடி விளம்பரங்களே. சீழ் ஒழுகுதல் என்ற பொருளுள்ள ஒரு கிரேக்கச் சொல், வைத்தியர் சொல்லாமலேயே பெட்டிக்கடை வரை வந்து சேர்ந்துவிட்டது.

மேல்நாட்டிலும் நிலைமை ரொம்பத் தெளிவாக இருந்ததாகச் சொல்ல முடியாது. பிரான்சின் பியர் ஃபொஷார் 1728-இல் எழுதிய பல் மருத்துவ நூலில் ஈறு நோயை விவரித்தார். அமெரிக்காவின் ஜான் ரிக்ஸ், காரையைச் சுரண்டி எடுப்பதே சிகிச்சை என்று 19-ஆம் நூற்றாண்டில் வாதாடினார். நோய்க்கே ‘ரிக்ஸ் வியாதி’ என்று பெயர் விழுந்தது. 1900-இல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹண்டர், வாயின் அழுக்கே உடம்பின் பல நோய்களுக்கு ஊற்று என்று எழுதப்போக, அடுத்த சில பத்தாண்டுகள் மூட்டு வலிக்கும் வயிற்று வலிக்கும் பல்லை வரிசையாகப் பிடுங்கித் தள்ளினார்கள். நம் பக்கத்தில் பிடுங்குவதற்குத் தத்துவமே தேவைப்படவில்லை. பல ஊர்களில் ‘சீனா பல் டாக்டர்’ போர்டு தொங்கியது. பிடுங்குவதும் கட்டுவதும் தொழில். பல் மருத்துவர் சட்டம் 1948-இல்தான் வந்தது. சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி, மருத்துவக் கல்லூரியின் ஒரு கிளையாக 1953-இல் தொடங்கியது.

காரணம் எது என்ற சண்டையை முடித்தவர் நார்வேக்காரர் ஹரால்டு லோ. 1965-இல் அவர் வெளியிட்ட ஆய்வு சிரிப்பூட்டும் அளவுக்கு எளிது. நல்ல ஈறு உள்ள 12 பேரைப் பல் துலக்காதே என்றார். 10 முதல் 21 நாளுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்கச் சொன்னார், எல்லாருக்கும் சரியானது.

சரி, வாழ்நாள் முழுக்கத் துலக்காவிட்டால்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடி அவர் குழு 1970-இல் வந்து சேர்ந்த இடம் இலங்கை மலையகம். டன்சினன், ஹாரோ என்ற இரு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்கள், எல்லாரும் தமிழர். மதுரை, திருச்சி, சேலம் பக்கமிருந்து போன குடும்பங்கள் வேர்விட்ட மலை அது. அவர்கள் தேர்வானதற்குக் காரணம், பல் மருத்துவம் என்ற ஒன்று அவர்களை எட்டியதே இல்லை. படிக்கும்போது சற்று உறுத்தத்தான் செய்கிறது: ஒருவருடைய இல்லாமை இன்னொருவருக்கு ஆய்வுக்கூடம்.

முடிவு 1986-இல் வந்தது, எதிர்பார்த்தபடி இல்லை. வாயெல்லாம் ஊத்தையும் காரையும், ஏறக்குறைய எல்லாருக்கும் ஈறு வீக்கம். ஆனால் 8 சதவீதத்தினருக்கு நோய் பாய்ந்து போனது: 35 வயதில் சராசரியாக 12 பல், 40-இல் 20, 45-க்குள் எல்லாப் பல்லும் போயின. 81 சதவீதத்தினருக்கு மெல்ல நகர்ந்தது. மீதி 11 சதவீதத்தினருக்கு வீக்கத்தோடு நின்றுவிட்டது. சொத்தை அவர்களிடம் அபூர்வம். அதனால் போன பற்களின் பழி ஈறு மேல்தான் விழுந்தது. “எங்க தாத்தா பிரஷ்ஷையே பாத்ததில்ல, கடைசி வரைக்கும் கரும்பு கடிச்சாரு” என்று நாகல் நகரில் யாராவது சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. தாத்தா அந்த 11 சதவீதத்தின் ரகம். பேரனும் அப்படியா என்பதுதான் தெரியாது. சர்க்கரை இருந்தால் நிச்சயம் சந்தேகப்படலாம். சர்க்கரை ஏறினால் ஈறு மோசமாகும்; ஈறு அழற்சி இருந்தால் சர்க்கரையும் இறங்க மறுக்கும்.

இத்தனைக்குப் பிறகும் பல் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்தவர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “க்ளீன் பண்ணினா பல்லு ஆடுமாமே, டாக்டர்?” கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. எலும்பு கரைந்த பற்களைப் பல வருடத்துக் காரை சிமென்ட் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்திருக்கும். கருவியின் நுனி பட்டு அது செதில் செதிலாகப் பெயர்ந்து தட்டில் விழும்போது, சந்து வெளியே வரும். தண்ணீர் பட்டால் கூசும். வீக்கம் வற்றியதும் பல் நீண்டதுபோல் தெரியும். ஆட்டம் முன்பே இருந்தது, காரை மறைத்திருந்தது. வேர்வரை சுத்தம் செய்தபின் பல நேரம் ஈறு மறுபடி பல்லைக் கவ்விக்கொள்ளும். வீட்டில் செய்ய வேண்டியது மிருதுவான பிரஷ்ஷை ஈற்று விளிம்பில் சாய்த்து வைத்து இரண்டு வேளை துலக்குவதும், சந்துக்கென்று இருக்கிற குட்டி பிரஷ்ஷை விடுவதும். ஆலங்குச்சி நுனி தேடிப்போன இடம்தான் இரண்டும்.

2010-இல் அந்தத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆய்வாளர்கள் திரும்பப் போனார்கள். 480 பேரில் 75 பேர் கிடைத்தார்கள், எல்லாரும் முதியவர்கள். ஒருவரும் விடாமல் வாயைத் திறக்கச் சொல்லி எண்ணினார்கள். சிலர் ஒரு பல்கூட இழக்கவில்லை. சிலருக்கு 28-ம் போயிருந்தது. 30 வயதில் யாருடைய ஈறு பல்லை விட்டு அதிகம் இறங்காமல் இருந்ததோ, 60 வயதில் 20 பல்லாவது மிச்சம் வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் அவர்களே.