அன்று என்றவருக்கு ஐந்து காசு

உத்திரமேரூரைச் சொல்லாமல் நம்மவர்களுக்கு ஜனநாயகம் பற்றிப் பேச வராது. பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, குடம், ஓலை, ஓலையை எடுக்கும் சிறுவன் - பள்ளிக்கூடப் பாடத்திலிருந்து மேடை வரை இதே சித்திரம். சபைக்கு ஆள் எப்படி வந்தான் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். வந்தவன் சபையில் என்ன செய்தான், ஒரு காரியம் பேச்சுக்கு வந்தபோது வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு இடம் இருந்ததா - இதை யாரும் கேட்பதில்லை.

கேட்டால் உத்திரமேரூரை விட்டுவிட்டுத் திருநெல்வேலிப் பக்கத்து மானூருக்குப் போகவேண்டும். அங்குள்ள பாண்டியர் கல்வெட்டு, மாறஞ்சடையன் காலத்தது, ஏறக்குறைய கி.பி. 800, உத்திரமேரூருக்கு நூறு வருஷத்துக்கு மேல் மூத்தது. ஊரில் நிலப் பங்கு இருக்கவேண்டும், வேதமும் தர்மமும் படித்துத் தேறியிருக்கவேண்டும் என்று சபையில் உட்காரத் தகுதிகள் சொல்லிவிட்டு, அது இன்னொரு விதியும் போடுகிறது. சபையில் எது வந்தாலும் 'அன்று, அன்று' என்று மறுத்து முட்டுக்கட்டை போடுகிறவர்கள் ஐந்து காசு தண்டம் கட்டவேண்டும்.

இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். வேலை நடக்கவேண்டாமா, குதர்க்கம் பேசுகிறவனை என்ன செய்வது என்று படிக்கலாம். வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் அப்படித்தான் படிக்கிறார்கள். மறுப்புக்கு விலை வைத்த முதல் சபை என்றும் படிக்கலாம். எப்படிப் படித்தாலும் ஒரு விஷயம் உறுதி. விதி போடவேண்டி வந்தது என்றால், விடாமல் 'அன்று' என்று சொல்லிக்கொண்டிருந்த ஆள் அங்கே இருந்திருக்கிறான். அவன் பெயரைக் கல் சொல்லவில்லை.

அவன் இல்லாத ஒரு சபையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அந்தச் சபை கல்கத்தாவில் கூடியது. அது செய்த சட்டம் தென்பாண்டிச் சீமையில் முதலில் வந்து இறங்கிய ஊர் கீழக்குயில்குடி.

மதுரைக்கு மேற்கே, நாகமலைப் புதுக்கோட்டையை ஒட்டிய ஊர். மலையடிவாரத்தில் அய்யனார் கோயில், தாமரைக் குளம், ஆலமரங்கள். மேலே சமணர்மலை. செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் தீர்த்தங்கரர் திருமேனிகள், அவற்றின் கீழே வட்டெழுத்து. இன்னார் மாணாக்கர் இன்னார் செய்வித்த திருமேனி என்ற அளவில் சின்னச் சின்ன வாசகங்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன் வந்தவர்கள் தாங்களாக விரும்பித் தங்கள் பெயரை இந்தப் பாறையில் விட்டுப் போனார்கள். அதே மலையடிவாரத்தில் 1914இல் இன்னொரு பெயர்ப் பதிவு நடந்தது. அதில் பெயர் கொடுத்தவர் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை.

சட்டத்தின் கதை 1871இல் தொடங்குகிறது. அந்த வருஷம் கவர்னர் ஜெனரலின் சட்டசபையில் குற்றப்பரம்பரைச் சட்டத்துக்குச் சொல்லப்பட்ட நியாயம் நம்மைப் போன்று எழுத்தைத் தொழிலாகக் கொண்டவர்கள் கவனிக்கவேண்டியது. இந்தியாவில் தச்சு ஒரு சாதிக்கு, நெசவு ஒரு சாதிக்கு என்று தொழில்கள் பரம்பரையாக வருகின்றன. ஆகவே குற்றமும் சிலருக்குப் பரம்பரைத் தொழிலாக இருக்கவேண்டும். இது சாட்சியம் அல்ல, புள்ளிவிவரமும் அல்ல. ஓர் உவமை. தச்சனைப் போலத் திருடன். சபை ஓர் உவமையை நிறைவேற்றியது. உவமை தப்பு என்று சொல்லவேண்டிய ஆள், உவமிக்கப்பட்டவன், அந்த அறையில் இல்லை. நியமனம் பெற்றவர்கள் மட்டும் இருந்தார்கள்.

அந்தச் சட்டம் வடக்கோடு நின்றது. சென்னை மாகாணத்துக்கு வந்தது 1911ஆம் ஆண்டின் 3ஆம் சட்டம். அதற்குள் மின்டோ-மார்லி சீர்திருத்தம் வந்துவிட்டது. மத்திய சபையில் தேர்ந்தெடுக்கப்பட்ட மெம்பர்கள் 27 பேர் இருந்தார்கள். மாகாண சபைகளின் உத்தியோகப் பற்றற்ற மெம்பர்கள், ஜமீன்தார்கள், முஸ்லிம்கள், வர்த்தக சபைகள் என்று சின்னச் சின்ன வட்டங்கள் அனுப்பிய பிரதிநிதிகள். மசோதா அறிமுகமாகும், கமிட்டிக்குப் போகும், ஷரத்து ஷரத்தாகப் பேசப்படும், திருத்தம் வரும், ஓட்டு நடக்கும். வடிவம் முழுவதும் இருந்தது. ஆனால் அந்தச் சபையில் பெரும்பான்மை அதிகாரிகளுக்கு என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. அதிகாரி மெம்பர் சர்க்கார் பக்கமே கைதூக்குவார் என்பது நியதி. பேசுவதற்குத் தடை இல்லை, ஜெயிப்பதற்கு வழி இல்லை. மானூரில் மறுப்புக்கு ஐந்து காசு விலை. கல்கத்தாவில் விலைகூட வைக்கவில்லை, ஏனென்றால் மறுப்பால் ஒன்றும் நின்றுவிடாது.

ஆனால் விவாதத்தின் குறையாக மட்டும் இதைப் பார்த்தால் முக்கியமானது தப்பிவிடும். கீழக்குயில்குடி என்ற பெயர் அந்த மசோதாவில் கிடையாது. எந்த ஊர்ப் பெயரும், எந்தச் சாதிப் பெயரும் கிடையாது. ஜாமீனில் விடமுடியாத குற்றங்களைத் தொடர்ந்து செய்யும் பழக்கமுடையது என்று ஒரு கூட்டத்தைப் பற்றி 'நம்பக் காரணம் இருந்தால்' மாகாண சர்க்கார் கெஜட்டில் ஓர் அறிவிக்கை போட்டு அதைக் குற்றப்பரம்பரை ஆக்கலாம் என்று மட்டும் இருந்தது. 1871இல் அறிவிக்கைக்குக் கவர்னர் ஜெனரலின் அனுமதி வேண்டியிருந்தது. 1911இல் அந்தச் சின்ன வாசற்படியும் எடுக்கப்பட்டது. மெம்பர்கள் ஓட்டுப்போட்டது பெயர் எழுதாத ஒரு வெற்றுத் தாளுக்கு. பெயரை எழுதியவர் எந்தச் சபைக்கும் வந்து நிற்கவேண்டியதில்லை.

1914இல் எழுதினார்கள்: கீழக்குயில்குடிக் கள்ளர்கள். 1918இல் பிறமலைக் கள்ளர் முழுவதும். ஊர் ஊராகக் காவல் பார்த்து அதற்குக் கூலியாக நெல் வாங்கியவர்களும், வானம் பார்த்த பூமியில் உழுதவர்களும், திருடியவனும், திருடாதவனும், அன்றைக்குப் பிறந்த பிள்ளையும் ஒரே சொல்லுக்குள் வந்து விழுந்தார்கள். கோர்ட்டுக்குப் போகலாமா என்றால் அதற்கும் சட்டத்திலேயே பூட்டு இருந்தது. அறிவிக்கை செல்லுமா செல்லாதா என்று எந்த நீதிமன்றமும் கேட்கக் கூடாது. ஆக மறுப்பு மூன்று இடங்களில் அடைக்கப்பட்டது. சபையில் எண்ணிக்கையால், கெஜட்டில் மௌனத்தால், கோர்ட்டில் ஒரு ஷரத்தால்.

இதன் பிறகு பத்தாவது பிரிவு. பதிவானவன் குறித்த நேரத்தில் ஆஜராகவேண்டும், இருப்பிடம் மாறினால் சொல்லவேண்டும். நடைமுறையில் இதற்கு அர்த்தம் ராத்தூக்கம் வீட்டில் இல்லை, கச்சேரித் திண்ணையில். வெளியூர் போக ராதாரிச் சீட்டு. பத்து விரல் ரேகை. ஜனங்கள் இந்தச் சட்டத்துக்கு வைத்த பெயர் ரேகைச் சட்டம். உடம்பில் பட்டதை வைத்துப் பெயர் சொன்னார்கள். படித்தவர்கள் மொழிபெயர்த்த பெயர் குற்றப்பரம்பரைச் சட்டம். ஆங்கில மூலத்தில் இருப்பது குடி, கூட்டம் என்ற அளவு சொல்தான். 'பரம்பரை' நம் மொழிபெயர்ப்பாளனின் கை. தெரிந்து செய்தானோ தெரியாமல் செய்தானோ, சட்டம் மறைத்து வைத்ததை அவன் ஒரே சொல்லில் வெளியே போட்டுவிட்டான்.

1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிப் பக்கத்தில் பெருங்காமநல்லூர் ரேகை வைக்க மறுத்தது. போலீஸ் சுட்டது. பதினைந்து பேருக்கு மேல் செத்தார்கள். மாயக்காள் என்ற பெண்ணும் அதில் ஒருத்தி. இந்த மசோதாவின் மீது கள்ளர் நாடு சொன்ன 'அன்று' அது. அடைக்கப்பட்ட மூன்று இடங்களுக்கும் வெளியே, ஒன்பது வருஷம் தாமதமாக, வெயிலில் சொல்லப்பட்டது. சபைக் குறிப்பில் ஏறவில்லை.

1924இல் மத்திய சட்டசபை இதே சட்டத்தை ஒழுங்குபடுத்தித் தொகுத்து 6ஆம் சட்டமாக்கியது. மதுரையில் வக்கீலாக இருந்த ஜார்ஜ் ஜோசப் இவர்களுக்காக வழக்காடினார். கள்ளர் நாடு அவரை ரோசாப்பூ துரை என்றது. அவர் 1937இல் மத்திய சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார், அடுத்த மார்ச்சில் இறந்துபோனார். அதே 1937இல் சென்னைச் சட்டசபைக்குப் போனவர் முத்துராமலிங்கத் தேவர். கச்சேரித் திண்ணையிலிருந்து சபைக்கு ஒரு வழி அப்போதுதான் திறந்தது. திறந்தும் பத்து வருஷம் ஆயிற்று. 1947இல், ஓமந்தூரார் மந்திரிசபையில், உள்துறை மந்திரி சுப்பராயன் காலத்தில் மாகாணச் சட்டசபை இதை ரத்து செய்தது. நாடு முழுவதற்குமான ரத்து 1952இல், வயதுவந்தோர் ஓட்டில் வந்த முதல் பாராளுமன்றத்துக்கு முன்பிருந்த தற்காலிகப் பாராளுமன்றம் செய்த சட்டத்தால். அதற்கு முன் இந்தச் சட்டத்தை விசாரித்த கமிட்டியின் தலைவர் அனந்தசயனம் அய்யங்கார் அந்த வருஷம் மக்களவையின் துணை சபாநாயகர்.

இங்கே முடித்துவிட்டால் நல்ல கதை. ஆனால் 1948இலேயே சென்னையில் பழக்கக் குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்துவிட்டது. பிறப்பு போய்ப் பழக்கம் வந்தது. பழக்கம் என்ற சொல் 1911இன் ஷரத்திலேயே இருந்ததுதான்.

சபையின் வழக்கங்களும் எதிர்பார்த்த அளவு மாறவில்லை. இன்றும் பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் போகின்றன. ஆம் என்போர், இல்லை என்போர் என்று சபாநாயகர் காது கொடுத்துக் கேட்டு முடிவு சொல்கிறார். யாராவது விடாப்பிடியாகக் கேட்டால்தான் எண்ணிக்கை, அப்போதுதான் பெயர். குரலில் பெயர் பதிவதில்லை. 1985இல் கட்சித்தாவல் தடை பத்தாவது அட்டவணையாக அரசியல் சட்டத்தில் ஏறியது. கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவி போகலாம். விலைபோகிறவர்களைத் தடுக்க வந்த விதி, சரி. மானூர் விதியும் ஏதோ ஒரு நல்ல காரணத்துக்குத்தான் வந்திருக்கும். ஆனால் ஐந்து காசு கட்டிவிட்டு மானூர்க்காரன் மறுநாளும் சபைக்கு வந்திருக்கலாம்.

பெயரை வெளியே வைத்து எழுதும் வழக்கமும் போகவில்லை. 2019இல் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் வந்தது. ஒரு தனிமனிதரையே அறிவிக்கை வழியாகப் பயங்கரவாதி என்று அட்டவணையில் சேர்க்கலாம். மாநிலங்களவையில் ஆம் 147, இல்லை 42. இம்முறை எண்ணினார்கள், மறுத்தவர்கள் இருந்தார்கள், மறுபரிசீலனைக்கும் கோர்ட்டுக்கும் வழி இருக்கிறது. இந்த வித்தியாசங்களைச் சின்னதாக்கக் கூடாது. ஆனால் மெம்பர்கள் ஓட்டுப் போட்டது மறுபடியும் ஒரு வெற்றிடத்துக்குத்தான்.

2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சிறைப் பதிவேடுகளில் உள்ள சாதிப் பத்தியை நீக்கச் சொன்னது. குற்றப்பரம்பரைச் சட்டத்தின் மிச்சம் சிறை விதிகளில் எப்படி ஒளிந்திருக்கிறது என்று அந்தத் தீர்ப்பு விரிவாகப் பேசுகிறது. எந்தக் கோர்ட்டின் வாயை 1911இல் ஒரு ஷரத்து அடைத்ததோ, அதன் வாரிசு நூறு வருஷம் கழித்து வாய் திறந்திருக்கிறது. சட்டம் ரத்தாகி 72 வருஷம் ஆகியும் பதிவேட்டில் ஒரு பத்தி பாக்கியாக இருந்திருக்கிறது. அதை எந்தச் சபையும் ஓட்டுப் போட்டு அங்கே வைக்கவில்லை. எந்தச் சபைக்கும் அதை ஓட்டுப் போட்டு எடுக்கத் தோன்றவுமில்லை.

உத்திரமேரூரை மேடையில் சொல்கிறவர்கள் சொல்லட்டும். குடத்தில் யார் ஓலை போடலாம் என்பதோடு நிறுத்திவிடாமல், பேச்சுக்கு வரும் காரியத்தில் யாருடைய பெயர் எழுதப்படாமல் காலியாக விடப்பட்டிருக்கிறது என்பதையும் கேட்டுப் பழகவேண்டும். அப்படிக் கேட்கிற ஆள் சபைக்குள் ஒருவராவது இருக்கவேண்டும். அவர் தொந்தரவான ஆளாகத்தான் இருப்பார்.