பகுதி சேதம்: காரைக்கால் கரையில் புயல் கணக்கெடுப்பின் வரலாறு

புயல் கரையைக் கடந்த மறுநாள் இரண்டு கணக்கெடுப்புகள் தொடங்குகின்றன. ஒன்று காற்றைப் பற்றியது. 2018 நவம்பர் 16 அதிகாலை 12.30 மணிக்கும் 2.30 மணிக்கும் இடையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. அதன் கண் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைக் காரைக்காலில் இருக்கும் வானிலைத் துறையின் ரேடார் இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. இந்தக் கணக்கில் பெரிய தவறு வருவதில்லை.

இன்னொன்று இழப்பைப் பற்றியது. அதை எடுப்பவர் கையில் ரேடார் கிடையாது. ஒரு பதிவேடும் ஒரு படிவமும்தான் இருக்கும். எந்தத் தெருவுக்கு முதலில் போவது, யாரிடம் விசாரிப்பது, எதை வீடு என்று எழுதுவது, எதை விட்டுவிடுவது என்பதெல்லாம் அவர் கையிலும், அவருக்கு முன்பே எழுதப்பட்ட விதிகளின் கையிலும் இருக்கிறது. இந்த இரண்டாவது கணக்கில் சேரி ஏன் எப்போதும் குறைத்தே எழுதப்படுகிறது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

தோழர்களே, ‘யாரோ ஒரு அலுவலர் சாதி பார்த்தார்’ என்று சொல்லி முடித்துவிடக் கூடிய கதை அல்ல இது. அப்படிப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் மிக நேர்மையான அலுவலர் வந்து எழுதினாலும் நமது இழப்பு சிறிதாகத்தான் வரும். காரணம் அந்தப் படிவத்துக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் சேதத்தைப் படிப்பது எப்படி என்பதை உலகத்துக்குக் கற்றுக் கொடுத்த ஒருவரைப் பார்ப்போம். ஜப்பானில் பிறந்த டெட்சுயா புஜிட்டா, சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வானிலை அறிஞர். 1945இல் அணுகுண்டு விழுந்த நகரங்களுக்குப் போய், மரங்கள் எந்தத் திசையில் சாய்ந்து கிடந்தன என்று பார்த்தவர். பிறகு அமெரிக்காவில் சுழற்காற்று அடித்த ஊர்களின் இடிபாடுகளைப் படிக்கத் தொடங்கினார். சுழற்காற்று நேரே மோதும் இடத்தில் காற்றளக்கும் கருவி இருப்பது அபூர்வம், இருந்தாலும் அது தப்பிப்பதில்லை. அதனால் விழுந்து கிடப்பதை வைத்துத்தான் காற்றின் வேகத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. 1971இல் அவர் உருவாக்கிய அளவுகோல் அப்படிப் பிறந்தது. 1974 ஏப்ரலில் ஒரே நாளுக்குள் அமெரிக்காவைத் தாக்கிய 148 சுழற்காற்றுகளின் பாதைகளை அவரும் அவரது குழுவினரும் வரைபடமாக்கினார்கள். 2007இல் அந்த அளவுகோல் திருத்தப்பட்டபோது 28 வகைப் பொருள்கள் பட்டியலிடப்பட்டன. வீடு, பள்ளிக்கூடம், கடை, மின்கம்பம், மரம் என்று ஒவ்வொன்றும் எவ்வளவு உடைந்திருக்கிறது என்பதைப் பார்த்து எண் கொடுப்பார்கள்.

அந்த 28இல் நமது கூரைக் குடிசை இல்லை. அமெரிக்க நாட்டுக்காக எழுதப்பட்ட பட்டியல் அது, அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதில் ஒரு பாடம் இருக்கிறது. உறுதியான கட்டடம் எந்த அளவுக்கு உடைந்தது என்று பார்த்தால் காற்று எவ்வளவு கடுமையானது என்று தெரியும். மண்சுவரும் கீற்றும் சிறு காற்றிலேயே போய்விடும், அதற்கு மேல் அடித்த காற்று அங்கே தடயம் விடாது. 1989 ஏப்ரல் 26 அன்று வங்கதேசத்தின் தௌலத்பூர், சாட்டூரியா பகுதிகளில் ஒரே சுழற்காற்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தகரமும் மண்ணுமாய் இருந்த வீடுகள் தரைமட்டமான ஊரில், இடிபாட்டை மட்டும் பார்த்துக் காற்றின் உச்ச வேகத்தைச் சொல்ல முடியாது. இல்லாதவன் வீட்டில் சேதத்தின் அளவும் தெரிவதில்லை.

இனி நமது ஊர்ப் படிவத்துக்கு வருவோம்.

பேரிடர் நிவாரணத்துக்கு மத்திய அரசு வகுத்த விதிமுறைகள்தான் எல்லா மாநிலங்களுக்கும் அடிப்படை. கஜா வந்தபோது 2015 முதல் 2020 வரைக்கான விதிகள் நடப்பில் இருந்தன. அதன்படி சமவெளியில் முழுதாக அழிந்த வீட்டுக்கு 95,100 ரூபாய். குடிசைக்கு 4,100 ரூபாய். 2022இல் விதிகள் திருத்தப்பட்ட பிறகு வீட்டுக்கு 1,20,000, குடிசைக்கு 8,000. குடிசை என்றால் என்ன என்பதற்கும் விளக்கம் எழுதியிருக்கிறார்கள்: கீற்று, மண், பிளாஸ்டிக் தாள் ஆகியவற்றால் ஆன, கச்சா வீட்டை விடவும் தாழ்ந்த தற்காலிக அமைப்பு. மூன்று தலைமுறை குடியிருந்தாலும் அது தற்காலிகம்தான். அதன் கீழே இன்னொரு வரி. சேதமடைந்த வீடு அங்கீகரிக்கப்பட்ட கட்டுமானம் என்று உரிய அலுவலர் சான்று தர வேண்டும். வாய்க்கால் கரையிலும் ஆற்றுப் புறம்போக்கிலும் குடியிருப்பவரை அந்த ஒரு வரி கதவுக்கு வெளியே நிறுத்திவிடுகிறது.

அடுத்தது பயிர். 2015 முதல் 2020 வரைக்கான விதிகளில், 33 சதவீதத்துக்கு மேல் அழிந்தால் பாசன நிலத்துக்கு எக்டேருக்கு 13,500 ரூபாய் என்று இருந்தது. நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு எளிதில் கிடைக்கும். வாய்வழிக் குத்தகைக்கு எடுத்து உழுதவர் தன் குத்தகையை முதலில் நிரூபிக்க வேண்டும். அந்த வயலில் நடவு நட்டு, களை பறித்து, தையில் அறுப்புக்காகக் காத்திருந்த கூலிப் பெண்ணுக்கு? கார்த்திகையில் சம்பா மூழ்கினால் அவருக்கு அந்தப் பருவத்தின் கூலி முழுவதும் போகிறது. கூலி இழப்பு என்று ஒரு தலைப்பே விதிகளில் இல்லை. 2015 முதல் 2020 வரைக்கான விதிகளில், வாழ்வாதாரம் கடுமையாகப் பாதிக்கப்பட்ட குடும்பத்தில் வயது வந்தவருக்கு நாளொன்றுக்கு 60 ரூபாய், குழந்தைக்கு 45 ரூபாய் என்று ஒரு உதவி இருந்தது. அதுவும் கணக்கெடுத்தவர் அந்தக் குடும்பத்தைப் பட்டியலில் சேர்த்தால்.

இந்தப் படிவம் வானத்திலிருந்து விழவில்லை. அதற்குப் பின்னால் இந்த மண்ணின் நில வரலாறு இருக்கிறது.

1952 நவம்பர் 30 அன்று நாகப்பட்டினம் அருகே கரையைக் கடந்த புயலில் சுமார் 400 பேர் இறந்தார்கள். அப்போது காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. சுற்றிலும் சென்னை மாநிலத்தின் தஞ்சை மாவட்டம். அந்தப் புயலுக்கு மூன்று மாதம் முன்னால், ஆகஸ்டில்தான், ராஜாஜி அரசு தஞ்சை குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புக்கான அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்திருந்தது. செங்கொடி இயக்கத்தின் போராட்டம் அதை வரவழைத்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் காகிதத்திலாவது ஒரு பாதுகாப்பு வந்தது. இந்தப் பக்கம் காரைக்காலில் அந்தச் சட்டம் செல்லாது. ஆனால் இரண்டு பக்கமும் ஒன்று பொதுவாக இருந்தது: பண்ணையாளின் குடிசை நின்றது மிராசுதாரரின் மண்ணில். புயல் பிய்த்தெறிந்த குடிசை அவன் உழைப்பில் எழுந்தது. மனை அவனுடையது அல்ல. அவனுக்கு இழப்பு என்று எழுத அரசிடம் ஏடே இல்லை.

1954 நவம்பர் 1 அன்று காரைக்காலின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962இல் சட்டப்படி இணைந்தது. கொடி மாறியது. மனை யாருடையது என்ற கேள்வி மாறவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு, காரைக்காலுக்குத் தெற்கே, கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட மக்களில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அதற்குப் பிறகுதான் 1971இல் தமிழ்நாட்டில் குடியிருப்பு மனையைக் குடியிருப்பவருக்கே உரிமையாக்கும் சட்டம் வந்தது. புதுச்சேரி ஒன்றியப் பகுதியிலும் அதையொட்டிய சட்டம் 1970களில் வந்தது. சட்டம் வந்த பிறகும் பட்டா கைக்கு வராத குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன.

1977 நவம்பர் 12 அன்று அதிகாலை நாகப்பட்டினத்துக்குச் சற்றுத் தெற்கே மீண்டும் ஒரு பெரும்புயல். 560 பேர் இறந்தார்கள், 23,000 கால்நடைகள் மாண்டன, பத்து லட்சம் பேர் வீடிழந்தார்கள் என்று பதிவுகள் சொல்கின்றன. ஒரே வாரத்தில் ஆந்திரத்தின் திவிசீமையைத் தாக்கிய புயல் பல ஆயிரம் உயிர்களைக் குடித்ததால் நாட்டின் கவனம் அங்கே போய்விட்டது. 1993 டிசம்பர் 4 அன்று காரைக்காலுக்கு வடக்கே ஒரு கடும்புயல். 2008 நவம்பர் 27 அன்று நிஷா, அதுவும் காரைக்காலுக்கு வடக்கே.

நிஷாவைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அதன் காற்று பெரிதல்ல, மழைதான் பெரிது. ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 சென்டிமீட்டர் பெய்தது. மண்சுவரைக் காற்றை விட நீர்தான் அதிகம் கொல்லும். முதல் நாள் கூரை போகும். சுவர் ஊறும், ஆனால் நிற்கும். மூன்றாம் நாள் கணக்கெடுக்க வருபவர் நிற்கும் சுவரைப் பார்த்து ‘பகுதி சேதம்’ என்று எழுதிவிட்டுப் போவார். ஆறாம் நாளோ ஏழாம் நாளோ அந்தச் சுவர் உட்கார்ந்துவிடும். திரும்பவும் யாரும் வர மாட்டார்கள். மாடி வீட்டில் ஓடு பறந்தால் அது உண்மையிலேயே பகுதி சேதம். குடிசையில் கூரை போனால் வீடே போனதாகத்தான் பொருள். இரண்டுக்கும் ஒரே சொல்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இந்தக் கரையில் கொண்டுபோன உயிர்களில் பெரும்பாலானவை மீனவச் சமூகத்தினருடையவை. அந்தத் துயரத்தோடு போட்டி போட நமக்கு எதுவும் இல்லை. ஆனால் படகு, வலை, கட்டுமரம் என்று இழப்புப் பட்டியல் எழுதப்பட்டபோது, அந்தப் படகை நம்பி மீன் சுமந்தவர்கள், உப்பளத்தில் வேலை செய்தவர்கள், கடல்நீர் ஏறிய வயலில் கூலி இழந்தவர்கள் எந்தப் பத்தியிலும் வரவில்லை. நிவாரண முகாம்களில் தலித் மக்கள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. அதே நாட்களில் நாகப்பட்டினத்தில் பிணங்களை அகற்ற வெளியூர் நகராட்சிகளிலிருந்து துப்புரவுப் பணியாளர்கள் அழைத்து வரப்பட்டார்கள். அவர்கள் பெரும்பாலும் யார் என்று உங்களுக்குத் தெரியும். வேலைக்குக் கூப்பிடும் பட்டியலில் நாம் விடுபட்டதே இல்லை.

பிறகு கஜா. தமிழ்நாடு அரசு முழுதாகச் சேதமடைந்த குடிசைக்கு 10,000 ரூபாய் அறிவித்தது. தென்னை ஒன்றுக்கு 600 ரூபாயும், வெட்டி அகற்ற 500 ரூபாயும். பத்துத் தென்னை இழந்தவருக்கு 11,000. வீடு முழுவதும் இழந்தவருக்கு 10,000. தென்னை விவசாயிக்கு அதிகம் கிடைத்தது என்று நான் சொல்லவில்லை, ஒரு மரம் திரும்பக் காய்க்க எத்தனை ஆண்டு ஆகும் என்பது அவருக்குத்தான் தெரியும். அந்த மரம் ஏறியவரும் மட்டை உரித்தவரும் கீற்று முடைந்தவரும் அதே ஆண்டுகளுக்கு வேலை இழந்தார்களே, அவர்களுக்கு எந்த வரிசை என்றுதான் கேட்கிறேன்.

அந்த வாரம் வாஞ்சூர் எல்லைக்கு இரண்டு பக்கமும் சில தெருக்களுக்குப் போனோம். சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் ஒரு அரசு, இந்தப் பக்கம் ஒரு அரசு. ஆனால் இரண்டு பக்கமும் ஒரே பேச்சைத்தான் கேட்டோம்: ஊர்த்தெருவுக்கு வந்தார்கள், இங்கே வரவில்லை. நாங்கள் பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் பக்கத்துக்கு ஒரு குடும்பமாக எழுதினோம். கூரை, சுவர், அரிசி, ஆடு, பிள்ளைகளின் புத்தகம், போன கூலி நாட்கள். கடைசிப் பத்திதான் பெரும்பாலான பக்கங்களில் நீளமாக இருந்தது. அரசுப் படிவத்தில் அதற்கு இடமில்லை.

சட்டம் நம் பக்கம் இல்லாமல் இல்லை. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் 61ஆம் பிரிவில், நிவாரணத்திலும் இழப்பீட்டிலும் சாதி, சமூகம், வம்சாவளி, மதம், பால் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. ஆனால் பாகுபாட்டை நிரூபிக்கப் பட்டியல் வேண்டும். பட்டியலைக் கேட்கத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஒப்பிட்டுக் காட்ட நமது கையில் நமது கணக்கு இருக்க வேண்டும்.

அதனால் ஐப்பசி பிறப்பதற்கு முன்பே வேலையைத் தொடங்குங்கள். வீட்டை நான்கு பக்கமும் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். குடும்ப அட்டை, ஆதார், மின் கட்டண ரசீது, பட்டா இருந்தால் பட்டா, எல்லாவற்றையும் ஒரு நெகிழிப் பையில் கட்டி வையுங்கள். புயல் முடிந்ததும் தெருவுக்கு இரண்டு பேர், அதில் ஒருவர் பெண், நோட்டோடு இறங்குங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடியும் போய், அன்று நின்ற சுவர் இன்று நிற்கிறதா என்று எழுதுங்கள்.

காரைக்காலில் நெடுங்காடு தனித்தொகுதி. அங்கே வெல்பவர் யாராக இருந்தாலும் அவரிடம் நாம் கேட்க வேண்டியவை நான்கு. பயனாளிகள் பட்டியலைச் சேரியின் நடுவில் ஒட்ட வேண்டும், கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் மட்டும் ஒட்டினால் போதாது. மண்வீடுகளுக்கு இரண்டாவது கணக்கெடுப்பு கட்டாயமாக வேண்டும். கூலி இழப்புக்கு விதியில் தனித் தலைப்பு வேண்டும். புறம்போக்கில் குடியிருப்போருக்கு மனைப்பட்டா வேண்டும். முதல் மூன்றும் அடுத்த புயலுக்கு. கடைசி ஒன்று கிடைத்துவிட்டால், அதற்கடுத்த புயலில் நமது வீடும் வீடு என்றே எழுதப்படும்.

ஜெய் பீம்.